கையகல லேப்டாப்பை வைத்து மில்லில் வேலை பார்ப்பது எப்படி

ஸ்பின்னிங் மில்லில் மின்சாரப் பேனல் எந்த மாதிரி இடத்தில் இருக்கும் என்று போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரோரம் பேனல், அதற்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து, அதிலும் பாதியைக் கேபிள் டிரே பிடித்திருக்கும். மேசை கிடையாது. முன்பெல்லாம் 15 அங்குல லேப்டாப்பை இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் தட்டுவேன். முடியாதபோது ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து, ஒரு மணி நேரம் குனிந்தே நிற்பேன். முதுகு போனதுதான் மிச்சம்.

உடுமலை, பல்லடம், அவிநாசி பக்கத்து மில்களில் எனர்ஜி மீட்டர், டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பிஎல்சி (மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) சர்வீஸ் பார்ப்பது என் தொழில். இப்போது என் பையில் இருப்பது ஜிபிடி மைக்ரோ பிசி. 2019-இல் வந்த மெஷின். 6 அங்குலத் திரை, 440 கிராம் எடை. இதை நான் தேடி வாங்கியதற்குக் காரணம் அதன் அளவு மட்டும் இல்லை. ஒன்பது பின் ஆர்எஸ்-232 போர்ட்டும் (பழைய சீரியல் போர்ட்) முழு அளவு லேன் போர்ட்டும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. இன்றைய பெரிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்த இரண்டுமே இல்லை. உங்களிடம் வேறு சின்ன லேப்டாப் இருந்தாலும் சரி, யூஎஸ்பி கன்வர்ட்டர் போட்டு இதே வேலையைச் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஎல்சிக்கு லேடர் புரோகிராம் எழுதவோ டிராயிங் போடவோ இது ஆகாது. உள்ளே இருப்பது செலரான் என்4100 பிராசஸர், 8 ஜிபி ரேம். பெரிய பிஎல்சி மென்பொருள் திறக்கும், ஆனால் பொறுமை வேண்டும். இது இணைத்துப் பார்க்க, படிக்க, நாலு பாராமீட்டரை மாற்ற, சேமித்துக்கொண்டு கிளம்ப உள்ள மெஷின். அந்த வேலைக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

இதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால்தான் தட்ட வேண்டும். டச்பேட் வலது மேல் மூலையில், மவுஸ் பட்டன்கள் இடது மேல் மூலையில். பழகிவிட்டால் நின்றுகொண்டே வேலை நடக்கும். ஆனால் ஒரு நீளமான கமாண்டைக் கட்டைவிரலால் அடிப்பது பெரும் பாடு. அதனால் நான் வைத்திருக்கும் ஒரே விதி: மில்லில் கட்டைவிரலால் அடிக்க வேண்டியதையெல்லாம், முந்தின நாள் ராத்திரி வீட்டில் பெரிய கீபோர்டை மாட்டி, பத்து விரலாலும் அடித்து வைத்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் எழுத்து அளவு. 6 அங்குலத்தில் 1280-க்கு 720 என்றால் எழுத்து பொடியாகத்தான் தெரியும். விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வையுங்கள். புட்டியில் (PuTTY, சீரியல் போர்ட் வழியாகப் பேச உதவும் மென்பொருள்) எழுத்தை 16-க்கு உயர்த்தி, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக மாற்றுங்கள். சோலார் ஃபீல்டில் வெயிலில் நின்றால் கறுப்புப் பின்னணியில் உங்கள் முகம்தான் தெரியும்.

அடுத்து, புட்டியில் செஷன்களைப் பெயர் போட்டுச் சேமியுங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன: ஒன்று 9600 வேகம், 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட்; அடுத்தது 19200 வேகம், ஈவன் பாரிட்டி; மூன்றாவது 115200 வேகம், பாரிட்டி இல்லை. மூன்றிலுமே ஃப்ளோ கண்ட்ரோலை 'இல்லை' என்று மாற்றியிருக்கிறேன். புட்டி தானாக எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் என்று வைத்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டு, கேபிள்தான் கெட்டுவிட்டது என்று புதுக் கேபிள் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

லேன் போர்ட்டுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மில்லின் நெட்வொர்க்குக்கும் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் (கமாண்டுகளைத் தானாக ஓட்டும் ஃபைல்) எழுதி டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறேன். அட்மினாகத் திறந்தால் ஐபி முகவரி மாறிவிடும். பிஎல்சியின் முகவரி எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், ஆனால் அங்கே யாரிடமும் இல்லாத எண்ணாக உங்கள் முகவரி இருக்க வேண்டும். கேபிளை மாட்டும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு நெட்வொர்க்கும் ஒரே வரிசை எண்ணில் இருந்தால், அனுப்புவது எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது.

மேனுவல்கள், டிரைவர்கள், டிரைவ் கம்பெனி மென்பொருள் எல்லாம் மெஷினுக்குள்ளேயே இருக்க வேண்டும். பல மில்களில் பேனல் ரூமுக்குள் மொபைல் சிக்னல் எடுக்காது. ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் வீட்டில் ஒரு முறை திறந்து பாருங்கள். லைசென்ஸ் கேட்டு நிற்கிற மென்பொருள் எது என்று அப்போது தெரிந்துவிடும். யூஎஸ்பி கன்வர்ட்டர் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய கன்வர்ட்டரைப் பிரிக்காமலேயே சைட்டுக்குக் கொண்டுபோனேன். என் விண்டோஸ் டிரைவர் அந்தச் சிப்பை ஏற்கவே இல்லை. அறுபது கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தேன்.

அப்புறம் மூடியை மூடினால் தூங்காதபடியும், யூஎஸ்பி போர்ட்டைத் தானாக அணைக்காதபடியும் பவர் செட்டிங்கை மாற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டை அந்த வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

இரண்டும் மூன்றும்

மீட்டரோ டிரைவோ பதில் சொல்லவில்லை என்றால் உடனே அதைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் உங்கள் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஒன்பது பின் பெண் கனெக்டர் வாங்கி, அதன் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சின்ன ஒயரால் சால்டர் செய்து பையில் போட்டு வையுங்கள். 2 வாங்கும் பின், 3 அனுப்பும் பின். இந்தக் கனெக்டரைப் போர்ட்டில் மாட்டி, புட்டியைத் திறந்து ஏதாவது ஒரு எழுத்தை அடித்தால் அது போய்த் திரும்பி வந்து திரையில் தெரியும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அடித்தால் எதுவும் தெரியக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் போர்ட், டிரைவர், மென்பொருள் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து அதே கனெக்டரை உங்கள் கேபிளின் மறுமுனையில் மாட்டிப் பாருங்கள், கேபிளும் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் எந்தப் பேனலையும் தொடுவதில்லை.

மில்லில் மீட்டர்கள் பெரும்பாலும் ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகளை ஒரே லைனில் இணைக்கும் முறை) மோட்பஸ் என்ற மொழியில் பேசும். அதற்கு இந்த மெஷினின் 232 போர்ட் நேராக ஆகாது, நடுவில் கன்வர்ட்டர் வேண்டும். பன்னிரண்டு மீட்டர் ஒரே லைனில் இருந்து ஒன்றுமே பதில் தரவில்லை என்றால், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரி செய்யப் பார்க்காதீர்கள். லைனைக் கழற்றிவிட்டு, ஒரு மீட்டரோடு மட்டும் நேராகப் பேசுங்கள். அதுவும் பேசாவிட்டால் ஏ, பி ஒயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த முனைக்கு ஏ, எந்த முனைக்கு பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. மாற்றிப் போட்டால் எதுவும் எரிந்துவிடாது. பிறகு வேகம், பாரிட்டி, மீட்டர் எண் (லைனில் ஒவ்வொரு மீட்டருக்கும் கொடுக்கும் தனி எண்) ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று பேசிவிட்டால் அடுத்ததைச் சேருங்கள். எந்த மீட்டரைச் சேர்த்ததும் லைன் படுத்துவிடுகிறதோ அதில்தான் கோளாறு. எனக்கு அதிகம் அகப்படுவது இரண்டு மீட்டருக்கு ஒரே எண் கொடுத்திருப்பது. லைன் நீளமாக இருந்தால் இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் உள்ள மீட்டர்களில் இருக்கக் கூடாது.

மீட்டர் பேசுகிறது, ஆனால் வோல்டேஜ் என்று 24 இலக்க எண் ஒன்று வருகிறதா? மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. தசம எண்ணை அது இரண்டு ரெஜிஸ்டரில் (மீட்டருக்குள் எண்ணை வைக்கும் இடம்) பிரித்து அனுப்புகிறது, நீங்கள் தலைகீழாகச் சேர்த்துப் படிக்கிறீர்கள். ரெஜிஸ்டர்களை ஹெக்ஸ் (16 அடிப்படை எண்) முறையில் பாருங்கள். 231.4 வோல்ட் என்றால் ஒன்றில் 4367, இன்னொன்றில் 6666 இருக்கும். ஒரு ஃபேஸ் வோல்டேஜ் நம் ஊரில் 230-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால், 43 என்று தொடங்குகிற ரெஜிஸ்டரைத் தேடுங்கள். அது முதலில் வர வேண்டும். இரண்டாவதாக வந்தால் மென்பொருளில் வரிசையை மாற்றிவிடுங்கள். வரிசை சரியாக இருந்தும் வோல்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தால், ரெஜிஸ்டர் எண்ணில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சில மேனுவல்கள் 0-விலிருந்து எண்ணும், சில 1-லிருந்து.

உயிரோடு திரும்ப

இந்த மெஷினில் கைக்கயிறு மாட்ட ஓட்டை இருக்கிறது. துணிக் கயிறாகப் போட்டு மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். இரும்புக் கொக்கி, செயின் எதுவும் வேண்டாம். கழுத்தில் தொங்கவிடவே விடாதீர்கள். திறந்த பேனலில் 415 வோல்ட் பஸ்பார் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) முன்னால் குனியும்போது கழுத்தில் எதுவும் ஆடக் கூடாது, ஐடி கார்டு உட்பட. மூன்று மீட்டர் நீளக் கேபிள் வைத்துக்கொண்டு, மாட்டியதும் பேனலைவிட்டுத் தள்ளி நின்று வேலை பாருங்கள். மெஷின் சின்னதாக இருப்பதன் முழுப் பலன் இங்கேதான் தெரியும்.

பேனலோடு கேபிள் மாட்டியிருக்கும்போது சார்ஜர் போடாதீர்கள். டிரைவ் ஓடுகிற இடத்தில் பேனல் எர்த்துக்கும் நீங்கள் சார்ஜர் மாட்டும் பிளக்கின் எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால், அது உங்கள் கேபிள் வழியாகத்தான் ஓடும். நான் அப்படி ஒரு கன்வர்ட்டரை எரித்திருக்கிறேன். கரிந்த வாசனை வந்த பிறகுதான் புரிந்தது. அதற்கப்புறம் ஐசொலேஷன் உள்ள (இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாத) கன்வர்ட்டர் மட்டும்தான் வாங்குகிறேன். எனக்குப் பாட்டரி நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் வருகிறது. குறைந்தால் பவர் டெலிவரி (PD) வசதியுள்ள பவர் பேங்க்கில் போட்டுக்கொள்ளலாம், அதற்கு எர்த் கிடையாது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், இருப்பதைப் படித்துச் சேமியுங்கள். டிரைவின் எல்லாப் பாராமீட்டரும் ஒரு ஃபைல், தேதியோடு. மென்பொருள் அதைச் செய்யாத பழைய டிரைவ் என்றால், அதன் டிஸ்பிளேயை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நூல் நூற்கும் ஃபிரேம் ஓடவில்லை என்று நாலு பேர் சுற்றி நிற்கும்போது, பழையபடி திருப்பி வைக்க அந்த ஃபைல் ஒன்றுதான் இருக்கும். அதை மெமரி கார்டிலும் ஒரு நகல் போடுங்கள்.

இந்த மெஷினில் ஃபேன் உண்டு. புளோ ரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) அரை மணி நேரம் நின்றாலே காற்றுத் துளையில் பஞ்சு படிந்துவிடும். ஒரு சின்ன பெயின்ட் பிரஷ் வைத்திருந்து, வெளியே வந்ததும் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், பஞ்சு உள்ளேதான் போகும்.

முதல் முறை இதைக் கையில் பார்த்த ஒரு மில்லின் சீனியர் எலக்ட்ரீஷியன், "ஏனுங்க தம்பி, பசங்க கேம் ஆடுற மாதிரி இருக்குதே, இதுல மீட்டரு தெரியுமா?" என்றார். பன்னிரண்டு மீட்டரையும் படித்துக் காட்டினேன். அன்றைக்குக் கிளம்பும்போது ஒரு தாளில் மீட்டர் எண், வேகம், பாரிட்டி, கடைசி முனை எது, தேதி என்று எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இப்போது எந்த சைட்டிலும் அந்தத் தாள் இல்லாமல் கிளம்புவதில்லை. போன மாதம் அவரே போன் பண்ணினார். ஏழாம் மீட்டர் மாற்றியிருக்கிறார்கள், புது மீட்டரில் என்ன எண் போடுவது என்று கேட்கத்தான். தாளைப் பாருங்கண்ணா என்றேன். அவரே படித்து, அவரே போட்டு, லைன் வந்துவிட்டது என்று பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்.