டேலி ஆனால் போதாது: ஆடிட்டிலிருந்து முதலீட்டுத் துறைக்கு மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று தமிழர்கள் இருக்கும் எந்தப் பகுதியிலும் கணக்குத் துறையில் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியை முடித்து, சி.ஏ. பாஸ் பண்ணி, ஆடிட்டில் மூன்று நான்கு வருடம் ஓட்டியதும் பலருக்குக் கண் பி.கே.சி. பக்கம், நிதி நிறுவனங்கள் குவிந்திருக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் பக்கம், போகும். கம்பெனியின் கணக்கைச் சரிபார்க்கிறவன் அந்தக் கம்பெனியை வாங்கலாமா என்று சொல்கிற வேலைக்கு ஏன் போகக்கூடாது? போகலாம். ஆனால் கணக்கு தெரியாமல் கோட்டை விடுகிறவர்கள் குறைவு. கணக்கு வேலையில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த பழக்கங்களை அப்படியே கொண்டுபோய்த்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் தவறு, “ஃபைனான்ஸுக்குப் போகணும்” என்று மொத்தமாகச் சொல்வது. ஈக்விட்டி ரிசர்ச் (பங்குகளை ஆராய்வது), இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (கம்பெனிகளுக்கு நிதி திரட்டி, வாங்கல் விற்றலை முடித்துத் தருவது), பிரைவேட் ஈக்விட்டி (கம்பெனிகளில் நேரடியாக முதலீடு செய்வது), கிரெடிட் ரேட்டிங் (கடனைத் திருப்பும் திறனை மதிப்பிடுவது) எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் வேறு வேறு வேலைகள். ரிசர்ச்சில் எழுதத் தெரிய வேண்டும், ஒரு துறையை வருடக்கணக்கில் தொடர வேண்டும். பேங்கிங்கில் டீலை நகர்த்த வேண்டும். பாதி நாள் பிரசன்டேஷனிலும் போனிலும் போகும். ஆடிட்டிலிருந்து நேராகப் பிரைவேட் ஈக்விட்டிக்குத் தாவ நினைப்பவர்கள் நடுவில் இருக்கும் படியைக் கவனிப்பதில்லை. பெரிய ஆடிட் நிறுவனங்களிலேயே, ஒரு கம்பெனியை வாங்கும் முன் அதன் கணக்கைத் தோண்டிப் பார்க்கும் ஃபைனான்ஷியல் டியூ டிலிஜென்ஸ் பிரிவு இருக்கிறது. அங்கே ஒன்றரை, இரண்டு வருடம் இருந்தால் ஒருதடவை வந்த வருமானத்தைக் கழித்து எபிட்டாவை (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) சீராக்குவது, சாதாரண அளவு ஒர்க்கிங் கேபிடல் (அன்றாட வியாபாரத்தில் முடங்கும் பணம்) எவ்வளவு என்று நிர்ணயிப்பது, ரொக்கம் போக மிஞ்சும் நிகரக் கடனில் எதைச் சேர்ப்பது என்று வாங்குகிறவரோடும் விற்கிறவரோடும் மல்லுக்கட்டுவது எல்லாம் கை பழகிவிடும். அதற்குப் பிறகு போகிற நேர்காணலின் தரமே வேறு. கிரெடிட் ரேட்டிங்கும் நல்ல வாசல்தான், கணக்குக்காரர்கள் அதைக் கொஞ்சம் குறைவாகவே மதிக்கிறார்கள்.

இதில் ஒரு பொறியும் உண்டு. பெயரில் ‘ஃபண்ட்’, ‘அசெட் மேனேஜ்மென்ட்’ என்று இருந்தாலே முதலீட்டு வேலை என்று நம்பி ஃபண்ட் அக்கவுன்டிங்கில் போய் உட்கார்ந்துவிடுவது. வேலை விவரத்தில் ரெகன்சிலியேஷன், என்.ஏ.வி. கம்ப்யூட்டேஷன், ட்ரேட் பிரேக் போன்ற சொற்கள் இருந்தால் நீங்கள் மறுபடியும் கணக்குதான் எழுதப் போகிறீர்கள், சம்பளம் வேண்டுமானால் கொஞ்சம் கூடும். மலாட், பவாய் பக்கம் உள்ள வெளிநாட்டு வங்கிகளின் ரிசர்ச் சப்போர்ட் வேலைகளைப் பற்றியும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: “மாடல் (கம்பெனியின் வருங்காலக் கணக்கை முன்கணிக்கும் எக்ஸெல் ஃபைல்) யாருடையது? நான் அப்டேட் மட்டும் செய்வேனா, முன்கணிப்பும் என்னுடையதா?” பதில் வழுக்கினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சர்ட்டிஃபிகேட் சேர்ப்பது அடுத்தது. பரீட்சை எழுதிப் பழகியவர்களுக்கு எந்தச் சந்தேகத்துக்கும் மருந்து இன்னொரு பரீட்சை. முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ. நல்ல படிப்புதான். ஆனால் ஒவ்வொரு லெவலுக்கும் சுமார் 300 மணி நேரம் என்று அதை நடத்தும் நிறுவனமே சொல்கிறது. ஆடிட் சீஸனில் அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். “பாதி எனக்குத் தெரிஞ்சதுதானே” என்பதும் தப்புக் கணக்கு. லெவல் 1-ன் 180 கேள்விகளில் நிதி அறிக்கைப் பகுதி 11 முதல் 14 சதவீதம்தான். எதிக்ஸ் 15 முதல் 20 சதவீதம். சி.ஏ.க்கள் சறுக்குவது பாண்டு கணக்கிலும் டெரிவேட்டிவ்ஸிலும். மூன்று லெவலும் முடித்தாலும் முதலீட்டு முடிவுகளோடு தொடர்புள்ள 4,000 மணி நேர வேலை அனுபவம், அதுவும் குறைந்தது 36 மாதங்களில், இருந்தால்தான் சார்ட்டர் என்ற பட்டம் கிடைக்கும். அதனால் லெவல் 1 எழுதிவிட்டு வேலை தேடத் தொடங்குங்கள். மூன்றும் முடியட்டும் என்று காத்திருந்தால் வயதும் சம்பளமும் ஏறி, ஜூனியர் இடத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். ரிசர்ச் பக்கம் போகிறவருக்கு இதைவிட அவசரமானது என்.ஐ.எஸ்.எம். சீரிஸ் 15, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஏற்படுத்திய நிறுவனம் நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வு. பாஸ் மார்க் 60, தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும், சர்ட்டிஃபிகேட் மூன்று வருடம் செல்லும். கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் ஹெச்.ஆருக்கு ஒரு கேள்வி குறையும்.

இனி எக்ஸெல். நேர்காணலில் ஒரு ஆண்டறிக்கையைக் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் மாடல் போடச் சொல்வார்கள். இங்கேதான் கணக்குக்காரர்கள் எதிர்பாராத விதமாகத் தோற்கிறார்கள். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை, மணி ஓடுகிறது, கை தானாக, வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் பழைய சஸ்பென்ஸ் அக்கவுன்டைத் தேடுகிறது. வித்தியாசத்தை ‘இதர சொத்து’ வரியில் தள்ளி டேலி பண்ணிவிட்டால் எதிரில் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடிப்பார். மாடலில் ரொக்கம் என்பது கேஷ் ஃப்ளோவின் கடைசி வரியிலிருந்து மட்டுமே வர வேண்டும். டேலி ஆகாவிட்டால் வித்தியாசம் வருடா வருடம் ஒரே தொகையா, வளர்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே தொகை என்றால் பெரும்பாலும் முதல் வருடத்தில் மட்டும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வளர்ந்துகொண்டே போனால் தேய்மானம், டிவிடெண்ட், ஒர்க்கிங் கேபிடல் மாற்றம் இவற்றில் ஒன்றுக்குக் கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கும். குறி மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாக வரும் என்பதால், அதை இரண்டால் வகுத்துப் பார்க்கும் பழைய ட்ரையல் பேலன்ஸ் வித்தை இங்கேயும் வேலை செய்யும், அதை மறக்க வேண்டாம்.

யூனிட்டிலும் கவனம் வேண்டும். கம்பெனி அறிக்கை கோடியிலோ லட்சத்திலோ இருக்கும். பல புரோக்கர் ரிப்போர்ட்டுகள் மில்லியனில் இருக்கும். 1 கோடி என்பது 10 மில்லியன். இதில் ஒரு சைபர் தவறினால் பங்கு விலை ₹840 என்று வர வேண்டியது ₹84 என்று வரும். கையால் அடித்த எண்கள் நீலத்திலும் ஃபார்முலா கறுப்பிலும் இருக்க வேண்டும் என்பது வெறும் அலங்காரம் போலத் தெரியும். ஆனால் பத்து மாதம் கழித்து வேறொருவர் உங்கள் ஃபைலைத் திறக்கும்போது அதுதான் காப்பாற்றும். விற்பனை வளர்ச்சி 11.37 சதவீதம் என்று முன்கணிப்பில் போடுகிறவர்களும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், சரி. நாளைய மழையை மில்லிமீட்டருக்கு அளக்கச் சொல்லவில்லை. 11 அல்லது 12 என்று போட்டு, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

சி.ஏ.க்குத் தண்ணீர்பட்ட பாடாகத் தெரிந்த ஒரு விஷயமே காலை வாரும் இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் லீஸுக்கான கணக்குத் தரமான இண்ட் ஏ.எஸ். 116 அமலில் இருக்கிறது. கடை வாடகை இப்போது பெரும்பாலும் செலவு வரியில் வருவதில்லை. தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து எபிட்டாவுக்குக் கீழே போய்விட்டது. என்ட்ரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். வேல்யூவேஷனில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஒரு துணிக்கடைக் கம்பெனி, கற்பனைதான். சந்தை மதிப்பு ₹2,000 கோடி, நிகரக் கடன் ₹500 கோடி, ஆக என்டர்பிரைஸ் வேல்யூ ₹2,500 கோடி. பழைய முறையில் எபிட்டா ₹200 கோடி, அதாவது என்டர்பிரைஸ் வேல்யூ எபிட்டாவைப் போல் 12.5 மடங்கு. வருட வாடகை ₹100 கோடி கீழே போனதும் எபிட்டா ₹300 கோடி ஆகிவிடுகிறது. மேலே உள்ள 2,500-ஐத் தொடாமல் வகுத்தால் மடங்கு 8.3. அடடா, மலிவாக இருக்கிறதே என்று ‘வாங்கலாம்’ ரிப்போர்ட் எழுதிவிடுவீர்கள். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் லீஸ் லயபிலிட்டி (இனி கட்ட வேண்டிய வாடகைக் கடமை) என்று தனி வரியில் ₹600 கோடி உட்கார்ந்திருக்கிறது. வாடகையைச் செலவிலிருந்து எடுத்தால் அந்தக் கடமையைக் கடனில் சேர்த்தாக வேண்டும்: 3,100-ஐ 300-ஆல் வகுத்தால் 10.3. இல்லையென்றால் எபிட்டாவையும் பழையபடி 200-க்குக் கொண்டுபோய், லீஸைச் சேர்க்காமல் 12.5 என்று வையுங்கள். இரண்டில் எதுவானாலும் சரி. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்பதுதான் தப்பு. சொந்தக் கடையில் இருக்கும் கம்பெனியை வாடகைக் கடையில் இருக்கும் கம்பெனியோடு ஒப்பிடும்போது இதே கேள்வி மறுபடி வரும்.

வருங்காலக் கேஷ் ஃப்ளோவை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்யும் டி.சி.எஃப். முறை பற்றி ஒன்றே ஒன்று. கடைசி வருடக் கேஷ் ஃப்ளோ 100, தள்ளுபடி விகிதம் 12 சதவீதம், நீண்ட கால வளர்ச்சி 5 சதவீதம் என்றால் அதற்குப் பிந்தைய வருடங்களின் மொத்த மதிப்பான டெர்மினல் வேல்யூ 1,500. விகிதத்தை 11 ஆக்கி, வளர்ச்சியை 6 ஆக்கினால் 2,120. இரண்டு செல்லில் ஒவ்வொரு புள்ளிதான் மாறியது, மதிப்பு 41 சதவீதம் ஏறிவிட்டது. வருமான வரி, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா இவற்றுக்காக வேல்யூவேஷன் ரிப்போர்ட் போட்டவர்களுக்கு இங்கே கூடுதல் ஆபத்து: அங்கே வேண்டிய எண் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும், மாடல் அதற்குப் பின்னால் நடக்கும். அதை முதலீட்டு அனுபவம் என்று நேர்காணலில் சொன்னால் எதிரில் இருப்பவர் புன்னகைப்பார். ஒற்றை எண்ணைத் தராதீர்கள். இரண்டு விகிதங்களையும் மாற்றி ஒரு கட்டம் போட்டு, இன்றைய பங்கு விலை அதில் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று காட்டுங்கள்.

அடுத்து ஸ்டாக் பிட்ச். “உங்களுக்குப் பிடித்த ஒரு பங்கைச் சொல்லுங்கள்” என்றதும் ஆடிட்டில் வளர்ந்தவர் நேராகக் குறைகளுக்குப் போவார்: ரிலேட்டட் பார்ட்டி பரிவர்த்தனை, கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி, ரெவின்யூ ரெகக்னிஷன். எல்லாம் உண்மையாகவே இருக்கும். கேட்பவருக்குத் தேவை வேறு: இந்தக் குறை எல்லாருக்கும் தெரியுமா, விலையில் ஏற்கெனவே இறங்கியிருக்கிறதா, அடுத்த ஒரு வருடத்தில் எது நடந்தால் விலை மாறும்? கணக்கு மோசமான பங்கு சரியான விலையில் லாபம் தரும். கணக்கு சுத்தமான பங்கு அநியாய விலையில் கையைச் சுடும். நோட்ஸ் டு அக்கவுன்ட்ஸை வரி வரியாகப் படிப்பவர்கள் கான்கால் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது ரிசல்ட் பற்றி நிர்வாகம் அனலிஸ்டுகளோடு போனில் பேசியதன் எழுத்து வடிவத்தை, திறப்பதே இல்லை. பெரிய லிஸ்டட் கம்பெனிகள் அதை எக்ஸ்சேஞ்ச் தளத்தில் போட்டுவிடுகின்றன, காசில்லாமல் கிடைக்கிறது. எட்டு காலாண்டு டிரான்ஸ்கிரிப்டை வரிசையாகப் படியுங்கள். நிர்வாகம் அன்று சொன்னதும் பிறகு நடந்ததும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக வந்தால் அதுவே பாதி பிட்ச்.

அதற்காகக் கணக்கு மூளையைக் கழற்றி வைக்கவும் வேண்டாம். எம்.பி.ஏ. படித்து வந்தவரிடம் இல்லாத சொத்து அது. சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தில் 2009 ஜனவரி 7-ஆம் தேதி கடிதத்தில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டது, இல்லாத ரொக்கமும் வங்கி இருப்பும் ₹5,040 கோடி, அதற்கு மேல் இல்லாத வட்டி வரவு ₹376 கோடி. லாப நஷ்டக் கணக்கில் வரும் வட்டி வருமானம் கேஷ் ஃப்ளோவில் ‘பெற்ற வட்டி’யாக வந்து சேர்ந்ததா, ரொக்க இருப்பால் வகுத்தால் டெபாசிட் வட்டி அளவுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது உங்களுக்கு இரண்டு நிமிட வேலை. பிட்ச்சில் இப்படி ஒரு சோதனை இருக்கட்டும், ஆறு வேண்டாம்.

இதில் வேலையையே பறிக்கக்கூடிய தவறு ஒன்று: ஆடிட் செய்த லிஸ்டட் கம்பெனியைப் பற்றிப் பிட்ச் செய்வது. “உள்ளே இருந்து பார்த்திருக்கேன் சார்” என்பதைத் தகுதியாக நினைக்கிறார்கள். வாடிக்கையாளரின் தகவலை அனுமதியின்றி வெளியே சொல்வது 1949 சி.ஏ. சட்டத்தின்படி தொழில் ஒழுங்கீனம். விலையைப் பாதிக்கும் வெளிவராத தகவல் என்றால் செபியின் 2015 இன்சைடர் டிரேடிங் விதிகளும் சேர்ந்துகொள்ளும். நேர்காணல் செய்கிறவருக்கோ அதைக் காதில் வாங்குவதே தலைவலி. நீங்கள் தொடாத கம்பெனியாக எடுங்கள். ரெஸ்யூமேயிலும் பெயர் வேண்டாம். “நடுத்தர அளவு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனி, வாடிக்கையாளர் வாரியாக வசூல் நாட்களைப் பிரித்து, ஒர்க்கிங் கேபிடல் ஏன் வீங்கியது என்று கண்டறிந்தேன்” என்று எழுதலாம். “டெப்டர்ஸ் வவுச்சிங், ஃபிக்ஸட் அசெட் வெரிஃபிகேஷன்” என்ற பழைய வரிகளைவிட இது பத்து மடங்கு பேசும்.

சென்னை, கோவையிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு: ரிசர்ச்சில் ஆங்கிலம் போதும். நடுத்தரக் கம்பெனிகளுக்கு டீல் செய்யும் பேங்கிங் வேலையில் புரொமோட்டர் மனசைத் திறப்பது பெரும்பாலும் இந்தியில்தான். உடைந்த இந்தியானாலும் பேசிப் பழகுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆடிட் சீஸனிலிருந்து தப்பிக்கத்தான் மாறுகிறேன் என்பவர்கள் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. லிஸ்டட் கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள், வருட முடிவுக்கு 60 நாளுக்குள் ரிசல்ட் தர வேண்டும். நீங்கள் கவனிக்கும் பன்னிரண்டு கம்பெனிகளில் மூன்று ஒரே சாயங்காலம் ரிசல்ட் விடும். மறுநாள் காலை 9:15-க்குச் சந்தை திறப்பதற்குள் நோட் போயாக வேண்டும். வருடத்துக்கு ஒரு சீஸன் நான்காகிறது. அந்த நாட்களில் டோம்பிவிலியிலிருந்து குர்லாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பி.கே.சி. போகும் பயணம் எத்தனை மாதம் தாங்கும் என்று யோசித்து வீடு பாருங்கள்.

கடைசியாக, கிளம்பும் நேரம். மார்ச் கணக்கு முடிந்த பிறகுதான் போனஸ் வரும் இடம் என்றால் ஜனவரியில் ராஜினாமா கொடுப்பவர் அதை விட்டுவிட்டுப் போகிறார். 90 நாள் நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள முடியுமா, புதிய இடத்தின் ஜாயினிங் போனஸை ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா, சி.டி.சி. என்று சொல்லும் மொத்தத் தொகையில் நிலையான சம்பளம் எவ்வளவு என்பதை ஆஃபர் லெட்டரில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சொந்தமாகப் பங்கு வைத்திருந்தால் அந்தப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். ரிசர்ச் அனலிஸ்ட் ஆகிவிட்டால், தான் எழுதும் பங்கை ரிப்போர்ட்டுக்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் வாங்கவோ விற்கவோ கூடாது. மற்ற பங்குகளுக்கும் கம்பெனியின் முன் அனுமதி கேட்கும் இடங்கள்தான் அதிகம். மனைவி, அப்பா அம்மா பெயரில் உள்ள டீமேட் கணக்கு விவரமும் சேர்ந்த முதல் வாரத்திலேயே கம்ப்ளையன்ஸ் ஃபாரத்தில் வந்து நிற்கலாம், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.