முழங்கால் வலி அம்மாவோடு கொடிமலைக்கு

மலேசியாவின் பினாங்குக் கொடிமலைக்கு, நடக்கச் சிரமப்படும் பெற்றோரைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் மட்டும் வேண்டாம். மலை ரயில் 1923 முதல் ஓடுகிறது, வேகமான பெட்டிகள் 2011இல் வந்தன. சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். கஷ்டமெல்லாம் ஏறுவதற்கு முன்னால் நிற்கிற வரிசையில்தான், அதனால் காலையிலேயே ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

ரயில் சரிவில் நிற்பதால் மேடையும் படிக்கட்டு மாதிரிதான் இருக்கும். எந்தப் பெட்டியில் ஏறினால் படி குறைவு என்று டிக்கெட் வாங்கும்போதே ஊழியரிடம் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதில், அம்மா படிக்கு ஒரு தடவை "முருகா" என்று சொல்லி என் தோளை அழுத்திய அழுத்து இரண்டு நாள் வலித்தது.

மடக்கும் சக்கர நாற்காலி அவசியம். "நான் என்ன நோயாளியா?" என்று கோபித்துக்கொள்வார்கள், சரி, வாக்குவாதம் வேண்டாம், பையையும் தண்ணீர் பாட்டிலையும் அதில் வைத்து அவர்களையே தள்ளச் சொல்லுங்கள். கால் வலித்ததும் பையை உங்களிடம் நீட்டிவிட்டுத் தானாக உட்கார்ந்துவிடுவார்கள்.

மேலே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அருளொளி திருமுருகன் ஆலயத்துக்கு முதலில் போய்விடுங்கள், அப்புறம் களைப்பு வந்துவிடும். சுற்றிப் பார்க்க வாடகை பக்கி வண்டி (சின்னத் திறந்த வண்டி) உண்டு. சூரிய அஸ்தமனத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அதன்பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.