இன்னொரு பற்றரி வாங்க முதல் இதைப் பாருங்கள்

சோலர் திருத்தப் போகிற வீடுகளில் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தொழில் பழகிய காலத்தில் நான் விட்ட அதே பிழைகள், ஆள்தான் வேறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது அவசரத்தில் வாங்கின செற்றுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிறைய. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் உட்பக்கங்களில் தோட்டத்துக்கும் வயல் கொட்டிலுக்கும் போட்டவை இன்னும் இருக்கின்றன. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொழுவாதீர்கள், பனலில் தூசி படிந்தால் துடையுங்கள் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும், அதை நான் சொல்லத் தேவையில்லை. காசைக் கரியாக்குகிற பிழை வேறு.

பனலைக் கூட்டாமல் பற்றரியைக் கூட்டுவது

"அண்ணை, ராவிலை பதினொரு மணிக்கே நிண்டு போகுது, இன்னொரு பற்றரி போட்டுத் தாங்கோ." இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பதினொரு மணிக்கு நிற்கிறதென்றால் பற்றரி சின்னது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் பற்றரி சின்னதில்லை, அது நிரம்பவே இல்லை.

மல்லாவிப் பக்கம் ஒரு வீடு. 100 வாற் பனல் ஒன்று, 100 ஏஎச் (அம்பியர்-மணித்தியாலம், பற்றரி பிடிக்கிற அளவு) ரியூபுலர் பற்றரி, அதாவது தண்ணீர் விடுகிற ஈயப் பற்றரி ஒன்று, சின்ன இன்வேட்டர். கைக்குழந்தை இருக்கிறபடியால் இரவு முழுக்க மின்விசிறி ஓடவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 வாற் பனல் நல்ல வெயிலில் ஐந்தரை அம்பியர் அளவில் தரும். ஒரு நாளைக்கு அப்படியான வெயில் ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள், 27 ஏஎச் வரும், அதிலும் சார்ஜ் ஏறும்போது வீணாகிறதைக் கழித்தால் திருப்பி எடுக்கக்கூடியது 22, 23 தான். செலவு என்ன? 50 வாற் விசிறி ஒன்பது மணித்தியாலம், இன்வேட்டர் தின்கிறதையும் சேர்த்தால் 40 ஏஎச்சுக்கு மேல், அதோடு இரண்டு பல்ப், போன் சார்ஜ். வரவு 23, செலவு 45. இதில் இன்னொரு பற்றரி வந்து என்ன செய்யும்? குளத்துக்கு வரத்து இல்லாமல் கட்டை மட்டும் உயர்த்துகிற வேலை இது.

ஆனால் அவர்கள் வாங்கினார்கள். சங்கிலியை அடகு வைத்து வாங்கினார்கள். வாங்கினதும் வேலை செய்தது! இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். புதுப் பற்றரி கடையிலிருந்து சார்ஜோடு வரும், அதனால் முதல் சில நாள் விசிறி விடியும்வரை சுற்றும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், அண்டை அயலுக்கும் "இன்னொண்டு போட்டால் சரி" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சார்ஜ் தீர்ந்ததும் திரும்பவும் அதே பதினொரு மணி. இப்போது பழைய பற்றரியும் புதியதும் பக்கம் பக்கமாக இணைந்திருக்க, களைத்துப்போன பழையது புதியதையும் கீழே இழுக்கும். ஒரு மாரி போனதும் அந்த வீட்டிலிருந்து மூன்றாவது பற்றரி கேட்டுப் போன் எடுத்தார்கள். நான் போய் மூடியைக் கழற்றி ஐதரோமீற்றரை (அசிட்டின் அடர்த்தி பார்க்கிற கருவி) விட்டுப் பார்த்தால், மிதவை 1.180-இல் கிடக்கிறது. நிரம்பிய பற்றரியில் அது, எந்தக் கம்பனி என்பதைப் பொறுத்து, 1.240-க்கும் 1.265-க்கும் இடையில் நிற்கவேண்டும். தகடுகளில் வெள்ளை பூத்திருந்தது.

அந்த வெள்ளைதான் சல்பேற். ஈயப் பற்றரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது தகட்டில் ஈயச் சல்பேற் படியும், சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து திரும்ப அசிட்டுக்குப் போகும். உடனே ஏற்றினால் ஒன்றுமில்லை. நாள் கணக்கில், கிழமைக் கணக்கில் அரைகுறையாகக் கிடந்தால் அது கட்டியாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுக்கக் கரையாது. 100 ஏஎச் என்று எழுதியிருக்கிற பற்றரி 40-தான் பிடிக்கும், கடையில் போய் "கூடாத சாமான் தந்திட்டீங்கள்" என்று சண்டை பிடிப்பார்கள்.

சரி, நிரம்பியதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? பின்னேரம் கொன்ரோலரில் (பனலிலிருந்து பற்றரிக்கு ஏறுகிறதைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) 13.2 வோல்ற் காட்டுது, மூன்று கோடும் இருக்கு என்கிறார்கள். பனல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தெரிகிற வோல்ற் பற்றரியின் வோல்ற் இல்லை. விடிய, வெயில் பனலில் விழமுதல், எல்லாவற்றையும் நிறுத்தி கொஞ்ச நேரம் விட்டு மீற்றரைப் பிடியுங்கள். 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் நீங்கள் பற்றரியைக் கொல்கிறீர்கள். நிரம்பியது ஆறினபிறகு 12.6, 12.7 காட்டும். இன்னொன்று, பகலில் 14.4-ஐத் தொட்டதும் நிரம்பிவிட்டது என்று மோட்டரையோ ஸ்திரிப்பெட்டியையோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 14.4-க்கு வந்ததன் பிறகுதான் கடைசி 15, 20 வீதம் மெதுவாக ஏறும், அதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் அந்த வோல்ற்றிலேயே நிற்கவேண்டும். அந்த நேரத்தைப் பறித்தால் ஒரு நாளும் நிரம்பாது.

என்ன செய்யவேண்டும்? முதலில் விசிறியை மாற்றுங்கள். 12 வோல்ற் டிசி விசிறி 15, 20 வாற்றில் ஓடும், இன்வேட்டரே தேவையில்லை, செலவு பாதிக்கு மேல் இறங்கும். அப்புறம் பனல். 100 ஏஎச் பற்றரிக்கு 200 வாற் பனலுக்குக் குறைத்து நான் போடுவதில்லை, பற்றரிக்குப் பத்தில் ஒரு பங்கு அம்பியராவது ஏறவேண்டும் என்பதுதான் கணக்கு. இப்போது பனல் பற்றரியைவிட மலிவு, இதை ஆயிரம் தரம் சொன்னாலும் சனம் கூரையில் ஏறப் பஞ்சிப்பட்டு நிலத்தில் வைக்கிற சாமானைத்தான் வாங்குகிறது.

மாரியில் பழைய மாதிரியே பாவிப்பது

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்கில் வெயில் வராது. பனலில் கால்வாசிகூடக் கிடைக்காத நாள் உண்டு. அந்த நாட்களில் பல்ப், போன் மட்டும். லைன் கரண்ட் இருக்கிற வீடென்றால் ஒரு சார்ஜரை வாங்கி இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நிரப்பி விடுங்கள், இல்லாவிட்டால் தெரிந்த கராஜில் கொடுத்து ஏற்றி எடுங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, இரண்டு மாதம் சிக்கனமாக இருக்க எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கொன்ரோலரில் வகை மாறி இருப்பது

தண்ணீர் விடுகிற ஈயப் பற்றரி, ஜெல், லித்தியம் மூன்றுக்கும் ஏற்றுகிற வோல்ற் வேறு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். தண்ணீர்ப் பற்றரிக்கு ஜெல் செற்றிங் இருந்தால் அது நிரம்பாது. லித்தியத்துக்குத் தண்ணீர்ப் பற்றரி செற்றிங் இருந்தால் மாதம் ஒருக்கால் 15 வோல்ற் வரை தூக்கி அடிக்கும், உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பற்றரியைக் காக்கிற சேர்க்கிற்) வெட்டிவிடும், "லித்தியம் பழுது" என்பீர்கள். லித்தியம் அயன் பொஸ்பேற்றுக்கு 14.2, 14.4 போதும், அந்த மாதத் தூக்கலை, அதாவது ஈக்குவலைஸை, நிறுத்தியிருக்கவேண்டும். லித்தியம் அரைகுறையாகக் கிடந்தாலும் சல்பேற் பிடிக்காது, உண்மைதான். ஆனால் வரவு 23 செலவு 45 என்றால் அதுவும் பதினொரு மணிக்கு நிற்கும்.

கிணற்றுத் தண்ணீர்

பற்றரிக்குள் ஊற்றவேண்டாம். எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு. போத்தலில் விற்கிற பற்றரித் தண்ணீர் மட்டும்.

லொறி பற்றரி

எஞ்சினை ஸ்ராட் பண்ணச் செய்தது. இரவிரவாக விசிறி ஓட்ட இல்லை.

மெல்லிய வயர்

கொன்ரோலருக்கும் பற்றரிக்கும் நடுவே அரை வோல்ற் விழுந்தால் கொன்ரோலர் 14.4 என்று நினைக்கும், பற்றரிக்குப் போவது 13.9. கிட்ட வையுங்கள், தடித்த வயர் போடுங்கள். கழற்றும்போது முதலில் பனல், பிறகு பற்றரி. பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். இது மாறினால் சில கொன்ரோலர்கள் எரிந்துவிடும்.

அடுப்படியில் வைப்பது

ஈயப் பற்றரி சார்ஜ் ஏறி முடிகிற நேரத்தில் ஐதரசன் விடும். விறகடுப்புப் பொறி ஒன்று போதும். அதேநேரம் தகரக் கொட்டிலுக்குள் வைத்தாலும் பிழை: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் பற்றரியின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும், சித்திரை மாதத்தில் தகரத்துக்குக் கீழே மத்தியானம் கை வைத்துப் பாருங்கள். விறாந்தையில் நிழலான மூலை, கீழே ஒரு பலகை, பிள்ளைகள் கை வைக்காமல் ஒரு மரப்பெட்டி, பெட்டியின் மேற்பக்கத்தில் காற்றுப் போக ஓட்டை. பியூஸ் பற்றரியின் பிளஸ்ஸுக்குக் கிட்ட இருக்கட்டும்.