அடுத்த ‘அசாசின்ஸ் கிரீட்’ வருமுன்: எதிர்பார்ப்பை ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது எப்படி?

கும்பகோணத்தில் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வரலாற்றுக் காலங்களுக்குள் புகுந்து ஒரு மறைமுகக் கொலையாளியாக ஆடும் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்ற வீடியோ கேம் வரிசையில் அடுத்த விளையாட்டைப் பற்றிய பேச்சு எழுந்ததுமே, அதிலிருந்து என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். விளையாட்டு வெளிவந்து எல்லோரும் ஆடிப் பார்த்த பிறகு டப்பாவைத் திறந்து, அவரவர் எழுதியதை அவரவரே உரக்கப் படிக்க வேண்டும். முதல் தடவை திறந்தபோது எல்லாத் தாள்களிலும் “கதை அழுத்தமாக இருக்க வேண்டும்”, “சண்டை நன்றாக இருக்க வேண்டும்” என்பதே இருந்தது. அவை நிறைவேறினவா இல்லையா என்று எழுதியவர்களாலேயே சொல்ல முடியவில்லை. என் தாளில் சோழர் காலம் வேண்டும் என்று மூன்று இடங்களில் எழுதி, மூன்றாவதற்கு அடிக்கோடும் இட்டிருந்தேன். வந்ததோ வைக்கிங்குகளின் இங்கிலாந்து. அதற்குப் பிறகு பலமுறை எழுதிக் கிழித்து நாங்கள் கண்டுகொண்ட முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

தாளின் நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் ஆசை, வலப்பக்கம் எதிர்பார்ப்பு. ஆசைக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. எதிர்பார்ப்புக்கோ, இந்த வரிசை இதுவரை செய்திருக்கும் ஏதாவது ஒன்றைச் சான்றாகக் காட்டியாக வேண்டும். விளையாடிய பின் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிக்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வரியைத் தயங்காமல் இடப்பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

சான்று காட்டுவதற்கு வரிசையின் வரலாறு கைவசம் இருக்க வேண்டும். 2007-இல் வந்த முதல் விளையாட்டு மூன்றாம் சிலுவைப் போரின் 1191-ஆம் ஆண்டில், டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் ஆகிய நகரங்களில் நடந்தது. 2009-இல் வந்த இரண்டாவது இத்தாலிக்குப் போனது. அதிலிருந்து 2015 வரை ஆண்டுதோறும் ஒன்றாவது வந்தது. 2014-இல் பாரிஸை வைத்து வந்த ‘யூனிட்டி’ வெளியீட்டு நாளிலேயே பிழைகளால் தடுமாறி, வரிசையை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக் கூடுதல் கதைப் பகுதியை இலவசமாகக் கொடுக்கும்படி ஆயிற்று. 2016-இல் பெரிய விளையாட்டு எதையும் வெளியிடாமல் ஓர் ஆண்டு மூச்சு வாங்கிவிட்டு, 2017-இல் எகிப்தை வைத்து ‘ஒரிஜின்ஸ்’ வந்தபோது சண்டை முறையே மாறியிருந்தது. பிறகு 2018-இல் கிரேக்கம், 2020-இல் இங்கிலாந்து, 2023-இல் பாக்தாத், 2025 மார்ச் 20 அன்று ஜப்பான். இதை ஒரு கோட்டில் ஆண்டு வாரியாகக் குறித்துப் பார்த்தால், அடுத்தடுத்து வந்தவற்றைவிட இடைவெளி விட்டு வந்தவற்றில்தான் அமைப்பு மாற்றம் பெரிதாக இருந்தது என்பது கண்ணில் படும். இது ஒன்றே வலப்பக்கத்தில் எழுதத் தகுந்த ஒரு வரியைத் தந்துவிடுகிறது.

தேதியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் குறிப்புப் பெயராக மட்டும் அறிவிக்கப்பட்ட ‘ரெட்’ என்பதுதான் பின்னர் ஜப்பானை வைத்து வந்த ‘ஷேடோஸ்’ ஆயிற்று; 2024 நவம்பர் 15 என்று சொன்ன தேதி 2025 பிப்ரவரி 14-க்கும், அங்கிருந்து மார்ச் 20-க்கும் தள்ளிப்போயிற்று. எனவே தேதியை எழுதினால் அறிவிப்பில் உள்ளதை எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஓர் ஆறு மாதத்தைக் கூட்டியும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் இந்த முறையின் முதுகெலும்பு. வரப்போகும் விளையாட்டின் நாட்டைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. தெரியாத ஊரை வைத்து எதிர்பார்ப்பை எழுதினால் அது ட்ரெய்லர் பார்த்த மயக்கமாகவே இருக்கும். ஆகவே முதலில் நன்றாகத் தெரிந்த ஒரு நிலத்தில் இந்த வரிசையின் விதிகளைப் பொருத்தி ஒத்திகை பாருங்கள். எங்களுக்கு அது காவிரிப் படுகை. ஆசைப் பக்கத்தில் கிடந்த சோழர் காலத்தையே எடுத்து, இவர்களுடைய கையில் அது என்னவாகும் என்று நாங்கள் சோதித்தோம்.

முதல் கேள்வி, எந்த ஆண்டு என்பது. இந்த வரிசை ஒரு பேரரசு நிம்மதியாக இருக்கும் காலத்தைத் தொடுவதில்லை. அதிகாரம் கை மாறும் விளிம்பையே தேடும், அங்கே உண்மையில் நடந்த ஒரு கொலை கிடைத்தால் விடாது. பொது ஆண்டுக்கு முன் 44-இல் நடந்த ஜூலியஸ் சீசரின் கொலையை ‘ஒரிஜின்ஸ்’ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஈடான நிகழ்வு 969-ஐ ஒட்டி நடந்த, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்களும் அவர்களுடைய உறவினரும் வைத்திருந்த உடைமைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார் என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. சான்று நிற்கும் இடத்திலிருந்து கற்பனை தொடங்குவதுதான் இந்த வரிசையின் வழக்கம் என்பதால், காலம் சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது கேள்வி, அந்த ஆண்டில் எவை இருந்தன, எவை இல்லை என்பது. இதில்தான் எங்களில் பாதிப் பேர் தோற்றோம். கதாநாயகன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் நிற்க வேண்டும் என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கோயில் நிறைவுற்றது 1010-இல். கொலை நடந்ததற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. வானளாவிய ராஜகோபுரங்களும் அந்தக் காலத்துக்குப் பிற்பட்டவையே. சமையற்கட்டுக் காட்சியில் மிளகாய் இருக்கக் கூடாது. அது போர்த்துக்கீசியர் வழியாக வந்தது, காரத்துக்கு மிளகுதான். ஆண்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, மனக்கண்ணில் தெரியும் ஒவ்வொரு பொருளையும் இப்படி அந்த ஆண்டோடு உரசிப் பாருங்கள். படத்திலும் தொடர்கதையிலும் பார்த்த சோழ நாடு வேறு, 969-இன் சோழ நாடு வேறு என்பது அப்போது தெரியும்.

மூன்றாவது, ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்பது. உயரத்தில் ஏறிச் சுற்றிலும் பார்த்து, அங்கிருந்து கீழே வைக்கோலுக்குள் குதிப்பது இந்த வரிசையின் முத்திரை. படுகையோ தாம்பாளம் போலத் தட்டையானது. இதற்கு விடை தேடி ஒரு நாள் பழையாறைப் பக்கம் நடந்தோம்; சோழர்கள் மாளிகை அமைத்து வாழ்ந்த அந்த நகரத்தின் இடத்தில் இன்று வயலும் சிற்றூர்களுமாகவே இருக்கின்றன. மாளிகைகள் செங்கல்லும் மரமுமாக இருந்ததால் நின்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பும் வழியில் ஒரு சிறிய கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. விமானத்தைச் சுற்றிச் சவுக்குக் கழியால் சாரம் கட்டியிருந்தார்கள்; கழிகள் சேரும் இடத்தில் கயிற்றுக் கட்டின் மேல் பெருவிரலை அழுத்தி, கையில் சாந்துச் சட்டியோடு ஒருவர் மூன்றாம் தட்டுக்கு ஏறினார். கால் வைத்த ஒவ்வொரு முறையும் சாரம் முழுவதும் ஒரு தரம் முனகியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி, செங்கல் கோயில்களைச் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளிகளாக மாற்றிக்கொண்டிருந்த காலம். கோனேரிராசபுரம் கோயிலைத் தம் கணவர் கண்டராதித்தரின் நினைவாக எடுப்பித்தவரும் அவரே. ஊருக்கு ஊர் சாரம் நின்றிருக்கும். கருவறைக்கு மேலிருக்கும் விமானத்தை மிதித்து ஏறுவது நம் மக்களுக்கு உறுத்தும் என்ற சிக்கலையும் சாரம் ஓரளவு தீர்த்துவைக்கிறது. மற்ற இடங்களுக்குப் பனையும் தென்னையும் போதும். (கருவறைக்குள் ரத்தம் சிந்தும் காட்சி வரக் கூடாது என்று எங்கள் குழுவின் மூத்தவர் தம் தாளில் எழுதியிருந்தார். அதை ஆசைப் பக்கத்தில் வைப்பதா எதிர்பார்ப்பில் வைப்பதா என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.)

நான்காவது, பருவம். ‘ஷேடோஸ்’ விளையாட்டில் பருவம் மாறும்போது ஒளியும் வழிகளும் மாறுகின்றன. நாம் மூழ்கி மறைந்துகொண்ட குளம் பனிக்காலத்தில் உறைந்துவிடுகிறது. இதைப் படுகைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆடியில் புதுவெள்ளம் வந்தால் அரசலாறு ஒரு மதில்; ஓடம் இல்லாமல் அக்கரை போக முடியாது. பங்குனியில் அதே ஆறு மணல் சாலை. குதிரையோடு குறுக்கே போகலாம், ஆனால் மறைவதற்கு நாணல் புதரைத் தவிர ஒன்றும் இராது. கார்த்திகையில் நெஞ்சுயரப் பயிருக்குள் தவழ்ந்து போகலாம். காவலன் கண்ணில் படாவிட்டாலும், கலைந்து எழும் கொக்குகள் காட்டிக் கொடுத்துவிடும். தையில் அறுவடை முடிந்ததும் மறைவு போய்விடுகிறது, ஆனால் களத்துமேடுகளில் வைக்கோற்போர் எழுகிறது. அதாவது குதிப்பதற்கான இடம் அறுவடைக்குப் பிறகுதான் ஊருக்குள் வருகிறது. இரவில் மடையைத் திறந்து ஒரு வரப்புப் பாதையை மூழ்கடிப்பது, மதகை அடைத்து எதிரியின் ஓடத்தைத் தரை தட்ட வைப்பது எல்லாம் இந்த நிலத்தில் ஆயுதங்கள். கண்ணாறு, வதி என்று வாய்க்கால்களைக் கொண்டே நிலத்தின் எல்லையைச் சொன்ன கல்வெட்டுகள் இருக்கின்றன. வரைபடம் வரைபவருக்கு அதைவிட என்ன வேண்டும்? என் கணிப்பில், இந்த ஒத்திகையில் கிடைத்த மிகச் சிறந்த விளைச்சல் இதுதான். அரசர்களின் பெயர்ப் பட்டியலால் ஒரு விளையாட்டு உருவாவதில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கொண்டு உருவாகும்.

ஒத்திகை முடிந்த பிறகு உண்மையான அடுத்த விளையாட்டுக்குத் திரும்புங்கள். 2022-இல் ‘ரெட்’ என்பதோடு சேர்த்தே ‘ஹெக்ஸே’ என்ற குறிப்புப் பெயரும் அறிவிக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சூனியக்காரி என்று பொருள். இதற்கு மேல் வரும் கசிவுச் செய்திகளைத் தாளில் ஏற்ற வேண்டாம். ஏற்றினாலும் பக்கத்தில் ‘கேள்விப்பட்டது’ என்று எழுதிவிடுங்கள். படுகையில் கேட்ட அதே நான்கு கேள்விகளை அங்கே கேட்டால், எழுதத் தக்க வரிகள் தாமாக வரும். என் தாளின் வலப்பக்கத்தில் இப்போது இருப்பவை இவை. ‘ஷேடோஸ்’ விளையாட்டில் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு முறையில் ஜப்பானியரும் போர்த்துக்கீசியரும் அவரவர் மொழியிலேயே பேசியதால், இதிலும் ஊரார் ஜெர்மன் பேசும் ஒரு முறை இருக்கும். பருவ மாற்றத்தைக் கைவிட மாட்டார்கள். பனியில் பதியும் காலடித் தடம் ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஏறுவதற்குத் தேவாலயக் கோபுரங்கள் இருந்தாலும், கதையின் முக்கியமான இரவுகள் காட்டிலும் சிற்றூரிலும் நடக்கும். விசாரணை ஒன்று கதையின் மையத்தில் இருக்கும். ஐந்து வரிகள்தாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் சரி போடலாம், பெருக்கல் குறியும் போடலாம்.

நம் நாட்டை வைத்து இந்த வரிசையில் வந்தது 2016-இன் ‘கிரானிக்கிள்ஸ்: இந்தியா’ என்ற சிறிய விளையாட்டு மட்டுமே, 1841-இன் சீக்கியப் பேரரசில், பக்கவாட்டில் நகரும் வடிவில் அமைந்தது. ஆகவே காவிரிப் படுகை இன்னமும் இடப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாகக் கணினியும் பணமும். ‘ஷேடோஸ்’ கணினியில் 115 ஜிபி இடமும் 16 ஜிபி ரேமும் கேட்டது. அடுத்தது இதற்குக் குறையும் என்று எண்ணக் காரணமில்லை. நொடிக்கு 40 மெகாபிட் வேகம் தடையில்லாமல் கிடைத்தாலும் 115 ஜிபி இறங்க ஏறத்தாழ ஆறரை மணி நேரம் ஆகும். ஐப்பசி மழையில் மின்சாரம் போகும் ஊர்களில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரில் ரவுட்டரையும் இணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. முன்பதிவு செய்யாதீர்கள். ஒரு முறை நான் வேறொரு விளையாட்டுக்கு மூன்று மாதம் முன்பே பணம் கட்டிவிட்டு, முதல் வாரம் முழுவதும் கதாநாயகன் சுவருக்குள் சிக்கி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியாகி இரண்டு வாரம் கழித்து, முதல் அப்டேட் வந்த பின் வாங்குவதாகத் தாளின் அடியில் எழுதிக் கையொப்பம் இடுங்கள். கையொப்பம் இருந்தால் நண்பர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

தாளின் மேல் மூலையில் அன்றைய தேதியைப் போட்டு மடித்து வையுங்கள். திறக்க வேண்டிய நாள், கதை முடியும் நாள் அல்ல. பத்து மணி நேரம் ஆடி முடித்த நாள். அதற்குள் ஒரு விளையாட்டின் விதிகள் எல்லாம் வெளிப்பட்டிருக்கும், முடிவு தந்த மகிழ்ச்சியோ எரிச்சலோ கணக்கைக் கெடுக்காது. எங்கள் டப்பாவில் இப்போது ஆறு தாள்கள் இருக்கின்றன. ஏழாமவர் இன்னும் கருவறை வரியை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.