இணைய நிறுவனத்தின் மீது குறை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் நுகர்வோர் புகார்களை எழுதிக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பிராட்பேண்ட் இணைப்பால் நொந்து வருபவர்களில் பலர், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்துவிட்டு வருகிறார்கள். கோபத்தில் வசைச்சொல் எழுதக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விதிமுறையைக் கண்டதும் வாயடைத்துப் போவது

நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்தால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்ற வகையில் ஒரு வரியைப் படிவத்தில் பார்த்ததும் சிலர் எழுதியதை அழித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனமே 2007இல் அப்படியொரு விதியை வைத்திருந்து, கண்டனம் எழுந்தபின் அதே ஆண்டு வாசகத்தை மாற்றிக்கொண்டது. பேரம் பேச இடமில்லாத படிவ ஒப்பந்தங்களில் வாடிக்கையாளரின் விமர்சனத்தைத் தடுக்கும் விதி செல்லாது என்று அந்நாடு 2016இல் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லையென்றாலும், தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க இடந்தரும் விதியை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பணம் வரும் அவசரத்தில் கையெழுத்திடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான், ஏனெனில் இதை நானே செய்திருக்கிறேன். வீடு மாறியபோது மோடத்தை ஒப்படைத்துவிட்டு, 2,000 ரூபாய் டெபாசிட்டுக்காக நான்கு மாதம் அலைந்தேன். ஐந்தாம் மாதம் பொறுமையிழந்து, மோடம் ஒப்படைத்த ரசீதின் படத்தோடு நடந்ததை நாள்வாரியாக முகநூலில் எழுதினேன். மறுநாளே கிளை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் ஒரு தாளை நகர்த்தி, “அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போடுங்க, பணம் நாளைக்கே ஏறிடும்” என்றார். ஆங்கிலத்தில் நான்கு வரிகள். என் கண்ணில் பட்டது 2,000 என்ற எண் மட்டுமே. என் கோரிக்கைகள் யாவும் தீர்ந்தன என்பது மூன்றாம் வரி. பதிவை நீக்குவேன், இனி இது குறித்து எங்கும் எழுத மாட்டேன் என்பது நான்காம் வரி.

பணம் சொன்னபடி ஏறியது. இரண்டு மாதம் கழித்து, ஒப்படைக்காத மோடத்துக்கு 1,800 ரூபாய் பாக்கி என்று வசூல் முகவர் ஒருவர் தொலைபேசியில் மிரட்டினார். அசல் ரசீதை வீடு மாற்றிய களேபரத்தில் தொலைத்திருந்தேன்; அதன் படம் இருந்த பதிவையோ என் கையாலேயே நீக்கியிருந்தேன். அந்தத் தொகையைக் கட்டிவிட்டு வாய்மூடி இருந்தேன்.

படிவத்தில் அச்சிட்ட விதியை, எல்லோர் மீதும் திணிக்கப்பட்டது என்று எதிர்த்து வாதாடலாம். தனியாக எழுதி, பணமும் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட தாளோ நீங்களே ஒப்புக்கொண்ட சமரசமாகிவிடுகிறது. கணக்குத் தீர்ந்ததாகக் கையெழுத்திட்டதால் மட்டுமே நுகர்வோரின் கோரிக்கை செத்துவிடாது என்று 1999இல் ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் ஏமாற்றியோ நிர்ப்பந்தித்தோ கையெழுத்து வாங்கினார்கள் என்பதை நுகர்வோர்தான் நிரூபிக்க வேண்டும். ஏசி அறையில் தேநீர் கொடுத்து வாங்கிய கையெழுத்தை நிர்ப்பந்தம் என்று எப்படி நிரூபிப்பது?

சென்ற வாரம் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் 900 ரூபாய்க்கு இதே போன்ற தாளில் கையெழுத்திட்டிருந்தார். “சும்மா ஃபார்மாலிட்டின்னு சொன்னாங்க சார்” என்றார். டெபாசிட் உங்கள் பணம். அதைத் திருப்பித் தருவதற்கு உங்கள் மௌனத்தை விலையாகக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. ‘டெபாசிட் தொகை பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, படம் எடுத்துக்கொண்டபின் தாளைக் கொடுங்கள். ஏற்க மறுத்தால் அந்த மறுப்பை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்கச் சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட அந்த மின்னஞ்சல் வந்ததில்லை. பலருக்குப் பணம் வந்திருக்கிறது.

தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்று நம்புவது

நிற்கும். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

விதியை ரத்து செய்ய மாவட்ட ஆணையத்துக்குப் போவது

சேவைக் குறைபாட்டுக்கு அங்கே போகலாம். ஒப்பந்த விதியைச் செல்லாததாக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது.

‘மோசடி’ என்று எழுதுவது

குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி ஒரு நிறுவனமும் அவதூறு வழக்குத் தொடுக்கலாம். அந்தக் குற்ற வழக்கில் எழுதியது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காக எழுதப்பட்டது என்பதையும் காட்டியாக வேண்டும். ‘மோசடிக் கும்பல்’ என்று எழுதியவர் கும்பலையும் மோசடியையும் நிரூபிக்க வேண்டிவரும். ‘மூன்று முறை புகார் செய்தும் 11 நாள் இணைப்பு இல்லை’ என்று எழுதியவர் மூன்று புகார் எண்களைக் காட்டினால் போதும்.

புகார் எண் வாங்காமல் எழுதுவது

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிகளின்படி அதை அவர்கள் தந்தே ஆக வேண்டும். கேட்டு வாங்கிய பிறகு எழுதுங்கள்.