சத்து சேருதா இல்லையான்னு வீட்லயே கணக்கு போட்டு பாக்கறது எப்படி

சத்தா சாப்பிடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எது சத்து, எவ்ளோ வேணும், நம்ம தட்டுல அது இருக்கா இல்லையான்னு திருப்பி கேட்டா பாதி பேரு ஒரு பழத்தோட பேரையோ ஒரு பவுடரோட பேரையோ சொல்லிட்டு நகந்துடுவாங்க. இது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்லைங்க, ஒரு பேப்பர், ஒரு பேனா, கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும், ஆனா எதை முதல்ல பாக்கணும் எதை கடைசில பாக்கணும்ங்கற வரிசை முக்கியம். எல்லாரும் மாத்திரைலேந்து ஆரம்பிக்கறாங்க, அது கடைசில வர வேண்டியது.

முதல் வேலை, ஒரு சாதாரண நாள்ல காலைல எழுந்ததுலேந்து தூங்கற வரைக்கும் வாய்க்குள்ள போனதை எல்லாம் ஒண்ணு விடாம எழுதுங்க. விருந்து நாள் வேணாம், விரதம் இருந்த நாளும் வேணாம். டீல போட்ட சர்க்கரை, சமைக்கும்போது ஊத்துன எண்ணெய், டிவி பாத்துக்கிட்டே கொறிச்சது எல்லாம் வரணும், ஏன்னா விட்டுப்போறது எப்பவும் இதுங்கதான்.

கலோரியில ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம். மாவுச்சத்து 1 கிராம்ல 4 கலோரி, புரதத்துல 4, கொழுப்புல 9, மதுல 7, இதை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். எண்ணெய் ஒரு கரண்டி கூடினா ஏன் கணக்கு எகிறுதுன்னு இதுலயே புரிஞ்சிடும். மத்தபடி மூணு நாலு மாசமா வெயிட் ஏறாம இறங்காம இருந்தா நீங்க சாப்பிடறதும் செலவாகறதும் சரியா இருக்குன்னு அர்த்தம், அதுக்கு ஆப் எதுவும் தேவையில்ல.

புரதத்துல மட்டும் கொஞ்சம் உக்காந்து கணக்கு போடுங்க, ஏன்னா வயிறு நிறைஞ்சிருக்கும் ஆனா புரதம் பத்தாம இருக்கும், அது வெளிய தெரியவே தெரியாது. நல்லா இருக்கற பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு சுமாரா 0.8 கிராம்னு வச்சுக்கலாம். 60 கிலோ ஆளுன்னா 48 கிராம். இப்ப நீங்க எழுதுன லிஸ்ட்டை எடுங்க. கெட்டியா வேகவச்ச பருப்பு 200 கிராம்னா 18, முட்டை ரெண்டுன்னா 12, பால் 250 மில்லின்னா 8, சாதம் 300 கிராம்னா இன்னொரு 8. மொத்தம் 46. ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 30 கிராம் சேத்தா 50ஐ தாண்டிடும். இப்ப அதே லிஸ்ட்டுல முட்டையையும் கடலையையும் எடுத்துட்டு பருப்பை தண்ணியா கரைச்சு பாதியா போட்டுக்கங்க, கணக்கு 25 கிட்ட வந்து நிக்கும், சாதம் எவ்ளோ ஏத்தினாலும் அது ஈடாகாது. 100 கிராம் சாதத்துல 3 கிராம் கூட புரதம் இல்ல. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, வயசானவங்க, ஜிம்முக்கு போறவங்களுக்கு 0.8 பத்தாது, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர் சொல்ற அளவைத்தான் எடுக்கணும்.

புரதம் எல்லாம் ஒண்ணு இல்ல. அமினோ அமிலம்ங்கற சின்ன சின்ன துண்டுங்க சேந்ததுதான் புரதம். அதுல நம்ம உடம்பால செஞ்சுக்க முடியாத அமினோ அமிலம் 9 இருக்கு, அது சாப்பாட்டுலேந்துதான் வரணும். அரிசி கோதுமை மாதிரி தானியத்துல லைசின்ங்கற அமினோ அமிலம் கம்மி, பருப்பு வகைல மெத்தியோனின்ங்கறது கம்மி, ரெண்டையும் சேத்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடுகட்டிடும். ஒரே வேளைல சேக்கணும்னு கூட இல்ல, அந்த நாளுக்குள்ள வந்தா போதும். சைவம் சாப்பிட்டா முழு புரதம் கிடைக்காதுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு திரியறாங்க பாருங்க, அவங்க கிட்ட இதை சொல்லுங்க.

கொழுப்பை பாத்து பயப்படறதும் தப்பு. லினோலிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம்னு ரெண்டு கொழுப்பு அமிலம் உடம்புக்கு கண்டிப்பா வேணும், அதையும் நம்மால தயாரிக்க முடியாது. ரெண்டாவதுதான் ஒமேகா 3 குடும்பத்துல வர்றது, ஆளி விதை, வால்நட்ல நிறைய இருக்கு. அதோட வைட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல கரையறது. கேரட்டை சும்மா கடிக்கறதை விட கொஞ்சம் எண்ணெய் போட்டு வதக்கி சாப்பிட்டா அதுல இருக்கற கரோட்டின், அதாவது உடம்புல வைட்டமின் ஏவா மாறற பொருள், நல்லாவே சேரும்.

நிறைய பேர் கோட்டை விடற எடம் இந்த சேர்றதுலதான். சாப்பிட்டது வேற, ரத்தத்துல சேந்தது வேற. இரும்புச்சத்தை எடுத்துக்கங்க, கறி மீன்ல இருக்கற இரும்பு சுலபமா சேந்துடும், கீரை பருப்புல இருக்கற இரும்பு லேசுல சேராது, ஆனா அது கூட எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ தக்காளியோ போனா அந்த வைட்டமின் சி இரும்பை உள்ள இழுத்து விட்டுடும், அதே சாப்பாட்டை முடிச்ச உடனே சூடா ஒரு டீ குடிச்சா அதுல இருக்கற டானின் வந்து இரும்பை புடிச்சு வச்சுக்கும், அப்புறம் கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறலைன்னு புலம்பி பிரயோஜனம் இல்ல. டீ காபியை விடவே வேணாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வச்சுக்கங்க. பருப்பு, தானியத்துல இருக்கற ஃபைட்டேட்ங்கற பொருளும் இரும்பையும் துத்தநாகத்தையும் சேர விடாது, ஊறவச்சா, முளைகட்டுனா, புளிக்கவச்சா அது குறையும்.

கால்சியத்துலயும் இதே கதைதான். பசலைக்கீரைல கால்சியம் இருக்குன்னு புக்குல போட்டிருக்கும், இருக்கறது உண்மை, ஆனா அதுல கால்சியத்தை புடிச்சு வச்சுக்கற ஆக்சலேட்ங்கற பொருள் இருக்கறதால 5 சதவீதம் அளவுக்குத்தான் சேரும், பால்ல சுமார் 30 சதவீதம் சேரும். பால் ஒத்துக்காதவங்களுக்கு எள்ளு, முள்ளோட சாப்பிடற சின்ன மீன், கால்சியம் சேத்து செஞ்ச டோஃபு இதெல்லாம் கை குடுக்கும். கால்சியம் சேர வைட்டமின் டியும் வேணும், அது சாப்பாட்டுல கொஞ்சம்தான் கிடைக்கும், முக்கியமா வெயில் தோல்ல படணும், கண்ணாடி ஜன்னலுக்கு பின்னாடி உக்காந்தா வேலைக்காகாது, அதுக்கு வேண்டிய கதிர் கண்ணாடியை தாண்டி வராது.

மீதி வைட்டமின்களை ஒவ்வொண்ணா உக்காந்து எண்ணாதீங்க, மொத்தம் 13 இருக்கு, பைத்தியம் புடிச்சிடும். காய் பழம் ஒரு நாளைக்கு 400 கிராமாவது சாப்பிடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் மாத்தி மாத்தி வந்தா பெரும்பாலானது வந்துடும். காயை நிறைய தண்ணில வேகவச்சு தண்ணியை கொட்டினா சியும் பி வகையும் அதோட போயிடும், கொட்டாதீங்க. தானியத்தை ரொம்ப தீட்டினாலும் இதே நஷ்டம்தான். 1890கள்ல ஜாவால கிறிஸ்டியான் எய்க்மன்னு ஒரு டாக்டர், தீட்டுன அரிசி சோறு தின்ன கோழிங்களுக்கு நடக்க முடியாம போனதையும், தவிடு இருக்கற அரிசி போட்டதும் அது எழுந்து நடந்ததையும் கவனிச்சாரு, மனுஷனுக்கு வர்ற பெரிபெரிங்கற நரம்புத்தளர்ச்சி நோயும் அப்படித்தான்னு பின்னாடி தெரிஞ்சுது. தவிட்டோட போனது தயமின், அதாவது பி1. அவருக்கு 1929ல நோபல் குடுத்தாங்க.

தனியா டிக் போட வேண்டியது பி12. இது விலங்கு உணவுல மட்டும்தான் நம்பற மாதிரி இருக்கு. பால் முட்டை கூட தொடாதவங்க பி12 சேத்த உணவோ மாத்திரையோ எடுத்தே ஆகணும், ஈரல்ல சேத்து வச்சிருக்கற ஸ்டாக் சில வருஷம் ஓடும்ங்கறதால எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு தோணும், அதை நம்பாதீங்க. குழந்தைக்கு பிளான் பண்றவங்க ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் கர்ப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், ஏன்னா குழந்தையோட நரம்புக்குழாய், அதாவது பின்னாடி மூளையும் தண்டுவடமும் ஆகறது, கரு உண்டான 28 நாளுக்குள்ள மூடிடும், அப்ப நிறைய பேருக்கு கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது.

அடுத்து பாக்கெட். முன்பக்கம் எழுதியிருக்கறதை படிக்கவே படிக்காதீங்க, திருப்புங்க. சேந்திருக்கற பொருளை எடை வரிசைலதான் போடுவாங்க, முதல் மூணுல சர்க்கரை இருந்தா அது மிட்டாய்தான், என்ன பேரு வச்சிருந்தாலும். சோடியம்னு போட்டிருக்கறதை 2.5ஆல பெருக்கினா உப்பு. 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம்னா உப்பு 2 கிராம், ஒரு நாளைக்கே 5 கிராமுக்கு கீழதான் இருக்கணும். இதுல ஒரு வேலை பண்ணுவாங்க, ஒரு பரிமாறல்னு 20 கிராமை போட்டு நம்பரை சின்னதா காட்டுவாங்க, யாருங்க 20 கிராமோட பாக்கெட்டை மூடி வைக்கறது? 100 கிராம் கணக்கை பாருங்க.

இவ்ளோத்துக்கும் அப்புறம்தான் மாத்திரை. அசதி, முடி கொட்டறது, கை கால் மரத்துப்போறது இருந்தா முதல்ல ரத்தம் குடுத்து பி12, டி, ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்சிருக்கற இரும்போட அளவை காட்டறது) பாத்துட்டு டாக்டர் சொன்னா வாங்குங்க. ஏ, டி ரெண்டும் உடம்புல தங்கறது, அளவு மீறினா விஷமாகும், பி6 கூட நாள் கணக்கா ஓவரா போட்டா நரம்பை கெடுக்கும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்க கீரையை திடீர்னு ஏத்தவும் கூடாது இறக்கவும் கூடாது, வைட்டமின் கே மாறினா மருந்தோட அளவும் மாறணும். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ரெண்டும் எழுதி குடுத்திருந்தா ஒண்ணா முழுங்காதீங்க, ஒண்ணு காலைல ஒண்ணு ராத்திரின்னு பிரிச்சுக்கங்க.