காமாக் கோடுகளைக் கொண்டு ஒரு கருவின் சுழற்சியைக் கணித்தல்

முழு உருண்டையான அணுக்கருவை எப்பக்கம் திருப்பினாலும் அதில் மாற்றம் எதுவும் தெரியாது. ஆகவே அது மொத்தமாகச் சுழல்கிறது என்று சொல்வதற்குக் குவாண்டம் பொறிமுறையில் பொருளில்லை. கரு உருண்டை வடிவிலிருந்து உருத்திரிந்திருந்தால் மட்டுமே சுழற்சிப் பட்டை, அதாவது சுழற்சியால் எழும் சக்தி மட்டங்களின் வரிசை, தோன்றும். கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் முடித்துவிட்டுக் கருப் பௌதிகம் தொடங்குபவருக்கு, இதைச் சோதித்துப் பார்க்க வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் வாங்கும் வரைபுத்தாளும் ஒரு கணிப்பானும் போதும்.

முதலில் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். எர்பியம்-158 கருவின் ஸ்பின் (மொத்தக் கோண உந்தம்) 2, 4, 6 என 18 வரையுள்ள மட்டங்கள், ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள மட்டத்துக்கு இறங்கும்போது, முறையே சுமார் 192, 335, 443, 523, 579, 608, 511, 473, 566 கிலோ இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள காமாக் கதிர்களை வெளிவிடுகின்றன. 608 வரை ஏறிய எண்கள் அதன் பின் இறங்குவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஸ்பின் 4 மட்டத்தின் சக்தியை ஸ்பின் 2 மட்டத்தின் சக்தியால் வகுத்துப் பாருங்கள். விறைப்பான சுழலிக்கு 3.33 வரவேண்டும்; இங்கே 192ஐயும் 335ஐயும் கூட்டிவரும் 527ஐ 192ஆல் வகுக்க 2.74தான் வருகிறது. நன்கு உருத்திரிந்த எர்பியம்-166 3.29 தருவதால், பாடநூல்கள் அதுபோன்ற கருக்களையே விரும்புகின்றன. ஆனால் கற்பதற்கு 158தான் சுவையானது.

இப்போது சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்சி மாற்றத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு. மேல் மட்டத்தின் ஸ்பின்னை 4ஆல் பெருக்கி, 2ஐக் கழித்து, வரும் எண்ணை மெகா இலத்திரன்வோல்ற்றில் எழுதிய காமாச் சக்தியால் வகுத்தால், சுருக்கிய பிளாங்க் மாறிலியை 1 எனக் கொள்ளும்போது, சடத்துவத் திருப்பத்தின் இரு மடங்கு கிடைக்கும். ஸ்பின் 2க்கு 6ஐ 0.192ஆல் வகுக்க 31, ஸ்பின் 12க்கு 76, 14க்கு 106, 16க்கு 131. அலகை மாற்ற மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிழைக்கும்.

இறுதியாக வரைபு. கிடை அச்சில் காமாச் சக்தியின் பாதியை, அதாவது சுழற்சி அதிர்வெண்ணை, குறியுங்கள். நிலை அச்சில் சற்றுமுன் கணித்த பெறுமானங்களை இடுங்கள். ஸ்பின் 12இன் புள்ளி 304 கிலோ இலத்திரன்வோல்ற்றில் விழும். அடுத்தது வலப்பக்கம் போகாமல் 255க்கும், அதற்கடுத்தது 236க்கும் பின்வாங்கும். 18இல் மீண்டும் 283க்கு முன்னேறும். புள்ளிகளை ஸ்பின் வரிசையில் இணைத்தால் பின்வளைவு தெரியும். ஸ்டொக்ஹோம் ஆய்வாளர்கள் 1971இல் அறிவித்த விளைவு இதுவே.

காரணத்தை 1972இல் ஸ்டீபன்ஸும் சைமனும் முன்வைத்தனர். தாழ்ந்த ஸ்பின்னில் நியூத்திரன்கள் சோடி சோடியாகப் பிணைந்து, ஒன்றின் கோண உந்தத்தை மற்றது இல்லாமற் செய்வதால், சடத்துவத் திருப்பம் விறைப்பான பொருளுக்குரியதைவிட மிகக் குறைவாக இருக்கிறது. வேகம் கூடக்கூட, சுழலும் பொருளினுள் தோன்றும் கொரியோலிசு விசை வலுத்து, ஒரு சோடியைப் பிரித்து, அவ்விரு நியூத்திரன்களின் கோண உந்தத்தையும் சுழலச்சை நோக்கித் திருப்பிவிடுகிறது. தேவையான ஸ்பின்னில் பெரும்பகுதியை அவ்விரண்டுமே கொடுத்துவிடுவதால், கரு மொத்தமாக முன்போல வேகமாகச் சுழலவேண்டியதில்லை, அதிர்வெண் குறைகிறது.

பயிற்சிக்கு, இங்கிலாந்தின் டார்ஸ்பெரி ஆய்வுகூடத்தில் 1986இல் கண்டறியப்பட்ட டிஸ்புரோசியம்-152இன் மீயுருத்திரிந்த பட்டையை எடுங்கள். அக்கருவின் நெட்டச்சு குற்றச்சைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி ஸ்பின் 60 வரை கிட்டத்தட்ட 47 கிலோ இலத்திரன்வோல்ற்றாகவே நிற்கிறது. 4ஐ 0.047ஆல் வகுத்தால் இயக்கச் சடத்துவத் திருப்பம், அதாவது கோடுகளின் இடைவெளியிலிருந்து பெறும் சடத்துவத் திருப்பம், இரு மடங்காக அன்றி நேரடியாக 85 என வரும். அந்த வரைபில் பின்வளைவு இராது.